மாத்திரை அறிந்த விரல்

ஏவுவோன் ஒருவன், ஏவப்படுவோன் ஒருவன், இருவருக்கும் இடையே ஒரு சொல். இம்மூன்றும் அமைந்தால் ஏவல் நிகழ்ந்துவிடும் என்று இலக்கண வகுப்பில் யாம் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகின்றோம். ஏவுவோன் கணினியாகவும் ஏவப்படுவோன் உள்ளங்கையில் அடங்கும் ஒரு மோட்டாராகவும் இருந்தால் இடையே நிற்கும் அச்சொல் யாது? அதற்கு எழுத்து உண்டா? அளபு உண்டா? முற்று உண்டா? சென்ற கல்வியாண்டில் எம் தமிழ்த்துறையும் மின்னணுவியல் துறையும் கூடிச் செய்த ஒரு சிறு முயற்சி இவ்வினாக்களை எம் முன் நிறுத்திற்று. அம்முயற்சியைப் பற்றிச் சில சொல்ல இம்மலரின் பக்கங்களை நாடுகின்றோம். தமிழாசிரியருக்கு மின்கம்பியோடு என்ன வேலை என்று வினவுவோர் சற்றுப் பொறுத்தருள்க.

எம் துறையில் இளங்கலை இரண்டாமாண்டு பயிலும் மாணவர் ஒருவர் செவிப்புலன் அற்றவர். சோமனூர்ப் பகுதியில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்தினர். உதட்டசைவு கண்டு பேச்சை உணர்வார். உணர இயலாத இடத்தில் தாளில் எழுதிக் கேட்பார். உதட்டைப் படிப்பது எளிய கலையன்று. 'படம்' என்னும்போதும் 'மடம்' என்னும்போதும் உதடுகள் ஒன்றுபோலவே பொருந்திப் பிரியும். மூக்கின் வழிச் செல்லும் காற்றைக் கண் காணாது. சூழலை வைத்தே பொருள் கொள்ளவேண்டும். அரசு நிறுவனங்களிலும் அரசு உதவிபெறும் நிறுவனங்களிலும் உயர்கல்வி இடங்களில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குமாறு 2016ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கின்றது. இடம் கொடுப்பது சட்டத்தின் கடமை. அவ்விடத்தில் வந்து அமர்ந்தவருக்குப் பாடத்தைக் கொண்டு சேர்ப்பது ஆசிரியர் கடமை.

அம்மாணவர் யாப்பிலக்கணத்தில் வல்லவர் என்றால் பலர் நம்பமாட்டார். அலகிட்டு வாய்பாடு கூறுவதில் அவ்வகுப்பில் அவருக்கு நிகர் எவருமிலர். துணைக்கால் கண்டால் நெடில். புள்ளி கண்டால் ஒற்று. எழுத்தின் உருவத்தைக் கொண்டே நேரசையும் நிரையசையும் பிரித்துவிடுவார். தடை வந்தது குற்றியலுகரத்தில். 'நடு' என்பதன் ஈற்றில் நிற்கும் 'டு' ஒரு மாத்திரை. 'நாடு' என்பதன் ஈற்றில் நிற்கும் 'டு' அரை மாத்திரை. இரண்டிடத்தும் எழுத்து ஒன்றே. "எழுத்து மாறவில்லையே, ஐயா, பின் எது குறைந்தது?" என்று அவர் எழுதிக் காட்டிய தாள் இன்றும் எம் மேசையில் உள்ளது. விதியை அவர் அறிவார், ஒப்பிக்கவும் செய்வார். விதி எதைக் குறித்து எழுந்ததோ அதை அறியார். அவருக்கு நெடில் என்பது ஓர் உருவம்; காலம் அன்று.

அப்பகுதியிலிருந்து அவருக்கு விலக்கு அளித்துவிடலாம் என்று நண்பர் சிலர் கூறினர். இரக்கத்தால் எழுந்த யோசனைதான். ஆயினும் விலக்கு என்பது பல நேரங்களில் மரியாதையாகச் சாத்தப்படும் கதவு என்பது எம் கருத்து. மாணவரும் அதனை ஏற்கவில்லை. பாடத்திட்டத்தில் உள்ளது எல்லாம் தமக்கும் உரியது என்றார்.

இவ்விடத்தில் மாத்திரைக்குத் தொல்காப்பியம் வகுத்த அளவை நினைவிற்கு வந்தது. இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்னும் இரண்டுமே ஒரு மாத்திரைக்கு அளவு. எத்தனை முறை இதனை நடத்தியிருக்கின்றோம்! செவிக்கு உரிய ஒலியை அளக்க வந்த ஆசான் கண்ணையும் விரலையும் அளவுகோலாகக் கொண்டார் என்பதை இம்மாணவர் பொருட்டே யாம் புதிதாகக் கண்டோம். கண்ணும் விரலும் அவருக்குக் குறைவின்றி உள்ளன. ஆசிரியரே விரல் மடக்கிக் காட்டினால் ஆகாதா எனில், ஓரளவே ஆகும். வாய் சொல்ல, கை அளக்க, இரண்டும் பிசகாது ஒரே அளவில் நூறுமுறை செய்ய மனிதக் கை இசையாது. மேலும் அவர் நூலகத்தில் தனியே அமர்ந்து பயில விரும்பினார். சோர்வும் சலிப்பும் இல்லாத ஒரு கை வேண்டியதாயிற்று.

அத்தகைய கை உலகில் ஆயத்தமாக இருந்தது. பிரான்சு நாட்டுச் சிற்பி கயேல் லாங்ஜவான் 2012இல் தொடங்கிய 'இன்மூவ்' என்னும் எந்திர மனித வடிவமைப்பு, உறுப்புகளை முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டு எவரும் செய்துகொள்ளுமாறு பொதுவில் வைக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு விரலுக்கும் முன்கையினுள் ஒரு சர்வோ மோட்டார். மோட்டாருக்கும் விரலுக்கும் இடையே தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு. மீன்பிடிப்போர் இதனை நரம்பு என்றே வழங்குவது இங்கு எத்துணைப் பொருத்தம்! எம் மின்னணுவியல் துறை மாணவர் வலக்கை ஒன்றை அச்சிட்டனர். அதனை நிறுத்த அலுமினியத் தாங்கி ஒன்று கணபதியில் உள்ள பட்டறையில் கடைந்து வாங்கினோம். பட்டறைக்காரர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க ஐயா, இது எதுக்குங்க?" என்றார். இலக்கணம் சொல்லிக்கொடுக்க என்றோம். பாதி விலையே பெற்றுக்கொண்டார்.

மோட்டார் என்பது கோவைக்குப் புதிதன்று. பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் மின்சாரம் தரத் தொடங்கிய பின் இவ்வூரின் ஆலைகளும் கிணறுகளும் புதுவேகம் கொண்டன. கலங்கல் என்னும் சிற்றூரில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுகின்றது. கிணற்று மோட்டார் ஓடும் அல்லது நிற்கும். அதற்கு இரண்டே சொற்கள் தெரியும். சர்வோ அப்படியன்று. இவ்வளவு திரும்பி, அங்கேயே நில் என்றால் அவ்வளவே திரும்பி அங்கேயே நிற்கும். எவரேனும் தள்ளினால் எதிர்த்து நின்று தன் இடத்தைக் காக்கும். அதனுள்ளே ஒரு சிறு மின்தடை, தண்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை ஓயாது அறிவித்துக்கொண்டே இருக்கும். வேண்டிய நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் உள்ள வேறுபாடு தீரும்வரை மோட்டார் சுழலும். சர்வோ என்னும் பெயரின் வேர் அடிமை எனப் பொருள்படும் இலத்தீன் சொல். கப்பலின் சுக்கானைத் திருப்பும் பொறிக்குப் பிரெஞ்சுப் பொறியாளர் ஜோசப் ஃபார்கோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் இட்ட பெயர் அது. ரோபோ என்பதும், செக் நாடகாசிரியர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தில், கட்டாய ஊழியம் என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்ததே. இரண்டு பெயரிலும் ஏவலாளே இருக்கின்றான்.

இவ்வேவலாளுக்கு எம்மொழியில் ஆணையிடுவது? இங்கேதான் எமக்குப் பெருவியப்பு காத்திருந்தது. சர்வோவுக்கு மூன்று கம்பிகள்: ஒன்று மின்வழங்கி, ஒன்று தரை, ஒன்று ஆணை. ஆணைக்கம்பியில் 20 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 50 முறை, ஒரு துடிப்பு செல்லும். துடிப்பின் உயரம் எப்போதும் ஒன்றே. அதன் நீளமே பொருளைத் தரும். ஒரு மில்லிநொடி நீண்டால் தண்டு ஒரு பக்க எல்லைக்குச் செல்லும். இரண்டு மில்லிநொடி நீண்டால் மறுபக்க எல்லைக்குச் செல்லும். ஒன்றரை எனில் நடுவில் நிற்கும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு! 'கல்' என்பதும் 'கால்' என்பதும் நீளத்தால் வேறுபடுவது போலவே இடமும் வலமும் நீளத்தால் வேறுபடுகின்றன. இது தற்செயலான ஒற்றுமையே. பழந்தமிழர் சர்வோவை அறிந்திருந்தனர் என்று எவரும் மேடையேற வேண்டா. ஆனால் பாடம் புகட்ட இதனினும் நல்ல உவமையைத் தேடிப் பெறுதல் அரிது. மின்னணுவியல் பேராசிரியர் அலைகாட்டியின் திரையில் இரு துடிப்புகளையும் காட்டியபோது எம் மாணவர் அருகில் நின்றார். குட்டைத் துடிப்பைச் சுட்டி 'க' என்று எழுதினார். நெட்டைத் துடிப்பைச் சுட்டிக் 'கா' என்று எழுதினார். எவரும் அவருக்குச் சொல்லவில்லை.

இனிப் பலகைக்கு வருவோம். கணினி இத்துடிப்புகளைத் தானே எழுப்பாது. பல வேலைகளுக்கிடையே ஒரு மில்லிநொடியைப் பிசகாது காக்கும் இயல்பு அதற்கில்லை. ஆகவே இடையில் ஒரு கட்டுப்பாட்டுப் பலகை வேண்டும். அரசன் சொன்னதை முரசறைந்து ஊருக்குச் சொல்லும் வள்ளுவனைப் போன்றது அது என்று வகுப்பில் கூறினோம். பலகைகள் பலவகை. லின்க்ஸ்மோஷன் நிறுவனத்தின் எஸ்.எஸ்.சி. 32 என்னும் பலகை 32 மோட்டார்களை ஆளும். அதற்கு ஆணை எழுத்துகளாகவே செல்லும். எத்தனையாவது வாயில், எத்தனை மைக்ரோநொடித் துடிப்பு, எவ்வளவு நேரத்தில் சென்றடைய வேண்டும் என்று வரிசையாகக் கூறி, இறுதியில் தட்டச்சுப் பொறியில் வரியை முடிப்பது போன்ற ஒரு முடிவுக்குறியை அனுப்பவேண்டும். அக்குறி வராவிடில், முன்சென்ற அனைத்தும் பிழையற்றவையாக இருந்தாலும், பலகை வாளா இருக்கும். 'வந்து', 'நின்று', 'பார்த்து' என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே சென்று முற்றுவினையைக் கூறாமல் விட்டால் கேட்போர் வாய்பார்த்து நிற்பதில்லையா? முற்றுப் பெறாத ஏவல் ஏவலன்று என்பதைப் பலகையும் அறிந்திருக்கின்றது. வியங்கோளுக்கு மட்டும் அங்கு இடமில்லை. 'மடங்குக' என்று வேண்டிக்கொள்ள வழியில்லை, 'மடங்கு' என்பதொன்றே.

யாம் வாங்கியது காந்திபுரத்துக் கடையொன்றில் கிடைத்த, பி.சி.ஏ. 9685 என்னும் சில்லு பொருத்திய 16 வாயில் பலகை. இச்சில்லு உண்மையில் சிறு விளக்குகளின் ஒளியைக் கூட்டிக் குறைப்பதற்காகப் பிறந்தது. சர்வோக்காரர் தம் பணிக்கு எடுத்துக்கொண்டனர். 20 மில்லிநொடியை அது 4096 கூறாகப் பகுக்கும். ஒரு கூறு ஏறத்தாழ 4.9 மைக்ரோநொடி. எனவே குறிலுக்கு 205 கூறு, நெடிலுக்கு 410, நடுநிலைக்கு 307. பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 62 பலகை வரை சேர்க்கலாம். 992 மோட்டார் ஆடும். எமக்கு ஐந்து விரலே போதும்.

ஏவும் மென்பொருள் 'மைரோபோட்லேப்'. கிரெக் பெர்ரி என்பவர் தொடங்கி, பலர் கூடி வளர்த்த கட்டற்ற மென்பொருள். இன்மூவ் செய்வோரிடையே பெரிதும் புழங்குவது. அது நேரே பலகையோடு பேசாது. நடுவே அர்டுயினோ என்னும் இன்னொரு சிறு பலகை நிற்கவேண்டும். ஆக, மென்பொருள் அர்டுயினோவுக்குச் சொல்ல, அர்டுயினோ சர்வோ பலகைக்குச் சொல்ல, பலகை மோட்டாருக்குச் சொல்ல, மோட்டார் நரம்பை இழுக்க, விரல் மடங்கும். அகத்திணையில் தலைவன் சொல் தோழி வழியாகத் தலைவியைச் சேர்வதே இதனினும் குறுகிய வழி.

இணைப்பு முதல்நாளில் கைகூடவில்லை. அர்டுயினோவின் விளக்கு எரிந்தது. கணினியோ அப்படியொரு பொருள் வந்ததாகவே காட்டவில்லை. மாணவர் ஒரு பிற்பகல் முழுவதும் மென்பொருளை நீக்கி நீக்கி நிறுவினர். குற்றம் கம்பியில் இருந்தது. கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்ய மட்டும் வரும் யூ.எஸ்.பி. கம்பிகள் சிலவற்றில் மின்சாரத்துக்கு உரிய இரு இழைகளே உண்டு. செய்தி செல்லும் இழைகள் இல்லை. சோறு போடும், சொல் கொண்டு செல்லாது. புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. கம்பியை மாற்றியதும் கணினி அதனை மூன்றாம் வாயில் என எண்ணிட்டுக் காட்டிற்று. கணினியின் எந்த யூ.எஸ்.பி. துளையில் செருகுகிறோமோ அதற்கேற்ப அவ்வெண் மாறக்கூடும். மென்பொருளில் எழுதும் எண் இவ்வெண்ணோடு ஒத்திருக்கவேண்டும்.

அடுத்த தடை நுண்ணியது. அர்டுயினோவினுள் 'எம்.ஆர்.எல்.காம்' என்னும் சிறு நிரலை முன்னரே ஏற்றியிருக்கவேண்டும்; கணினியிலுள்ள மைரோபோட்லேப்பின் பேச்சை அறிவது அதுவே. இரண்டும் ஒரே பதிப்பினவாக இருத்தல் வேண்டும். நொடிக்கு 1,15,200 துணுக்கு என்னும் வேகத்திலும் இரண்டும் உடன்பட வேண்டும். பதிப்பு வேறுபட்டால், முன்னோர் உரையை வைத்துக்கொண்டு பின்னோர் மூலத்தைப் படிப்பது போல, சொல் தெரிந்தும் பொருள் விளங்காது. எம் மாணவர் எங்கிருந்தோ பெற்ற பழைய நிரலை அகற்றி, நிறுவிய மென்பொருளுடனேயே வந்த நிரலை ஏற்றினர். மறுமொழி வந்தது. அர்டுயினோவிலிருந்து சர்வோ பலகைக்குச் செல்வன இரண்டே செய்திக் கம்பிகள்: ஒன்று செய்திக்கு, ஒன்று தாளத்துக்கு. அக்கம்பியில் பல பலகைகள் அமரலாம் ஆதலின் ஒவ்வொன்றிற்கும் முகவரி உண்டு. எம் பலகையின் முகவரி பதினாறடிமான எண்ணில் 40. நம் கணக்கில் 64.

எல்லாம் முடிந்தது என்று எண்ணிய வேளையில் மின்னணுவியல் பேராசிரியர் கை நீட்டித் தடுத்தார். மோட்டாருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கணினியின் வழக்கமான யூ.எஸ்.பி. வாயில் தருவது அரை ஆம்பியர். யாம் வாங்கிய எம்.ஜி. 996 ஆர் வகை மோட்டார் ஒன்றே, தயாரிப்புக் குறிப்பின்படி, திரும்ப இயலாது திணறும்போது 6 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் இழுக்கும். ஐந்தும் ஒருசேரத் திணறினால் பன்னிரண்டரை. எனவே சர்வோ பலகையில் சில்லுக்குரிய மின்சாரமும் மோட்டாருக்குரிய மின்சாரமும் தனித்தனி வழியில் வருமாறு அமைத்துள்ளனர். மோட்டாருக்கெனத் தனியே ஒரு மின்வழங்கி வைத்தோம். வழங்கிகள் வேறாயினும் அவற்றின் தரைக்கம்பிகளை மட்டும் ஒன்றாக இணைத்தாக வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். துடிப்பின் உயரம் என்பது தரையிலிருந்து அளக்கப்படுவது; தரை இரண்டானால் அளவு பொய்க்கும், விரல் காரணமின்றி நடுங்கும். நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்று அகத்திணை வகுப்பில் கூறுகின்றோம். சர்வோவுக்கும் அவையிரண்டே முதற்பொருள்: பொதுவான நிலம், பிசகாத பொழுது. பேராசிரியரிடம் இதனைக் கூறினோம். தமக்கு இருபது ஆண்டுகளாகத் தெரிந்த செய்திக்கு இப்போதுதான் நூற்பா கிடைத்தது என்று சிரித்தார்.

எந்திரத்துக்குத் தாளம் கற்பிக்கும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அல் ஜசரி 1206இல் அரபு மொழியில் எழுதி முடித்த பொறிநூலில் இசைக்கலைஞர் நால்வர் அமர்ந்த படகு ஒன்று விளக்கப்பட்டுள்ளது. சுழலும் உருளையில் முளைகள் செருகப்பட்டிருக்கும். அவை சிறு நெம்புகளைத் தட்டத் தாளம் எழும். முளைகளை இடம் மாற்றினால் தாளம் மாறும். முளை இருந்த இடத்தில் இப்போது எண் இருக்கிறது.

அவ்வெண்களைத் தருவது எம் துறையின் பங்கு. தட்டச்சிடும் தமிழ்ச் சொல்லைக் கூறாக்கி ஒவ்வோர் எழுத்துக்கும் மாத்திரை கணிக்கும் நிரலை மாணவர் பைத்தான் மொழியில் எழுதினர். விதிகளை யாம் கூறினோம். யூனிகோடு குறியீட்டில் 'கா' என்பது ஒரே எழுத்தன்று. ககரமும் துணைக்காலும் இரண்டு குறிகளாக நிற்கும். புள்ளி இருப்பின் அரை. குறி ஏதுமின்றித் தனித்து நின்றால் அகரம் ஏறிய குறில், ஒன்று. துணைக்கால் முதலியன வரின் இரண்டு. இதுவரை எளிது. குற்றியலுகரத்துக்கு நிரல் திரும்பிப் பார்க்கவேண்டும்: ஈற்றில் வல்லினம் ஊர்ந்த உகரமா, அதன்முன் தனிக்குறில் ஒன்று மட்டும் நிற்கிறதா என்று. ஐகாரத்தில் எமக்குள்ளேயே வழக்கு மூண்டது. நன்னூல் சொல்லின் மூவிடத்தும் ஐகாரம் ஒரு மாத்திரையாகக் குறுகும் என்னும். பள்ளிப் பாடநூலோ முதலில் ஒன்றரை, இடையிலும் கடையிலும் ஒன்று என்னும். 'ஏறத்தாழ' என்பதை எந்திரம் ஏற்காது. ஏதேனும் ஓர் எண்ணைக் கேட்கும். வகுப்பில் "இவ்வாறும் கொள்வர்" என்று கூறிக் கடந்த இடங்கள் எல்லாவற்றிலும் நிரல் எம்மை நிறுத்தியது. பாடமாக வைத்துள்ளது நன்னூலே ஆதலின் அதன்வழியே சென்றோம்.

ஒரு மாத்திரைக்கு எத்தனை மில்லிநொடி? இதற்கு விடை மோட்டாரிடம் இருந்தது. எம் மோட்டார் 6 வோல்ட்டில் 60 பாகை திரும்ப 0.14 நொடி கொள்ளும். சுட்டுவிரல் கண்ணுக்குத் தெரியுமாறு மடங்க 40 பாகையேனும் வேண்டும். அதற்கு ஏறத்தாழ 93 மில்லிநொடி. மடங்கி நிமிர 186. அரை மாத்திரைக்குள் விரல் மடங்கி நிமிர்ந்தாக வேண்டும் ஆதலின், அரைக்கு 200 என்றும் ஒன்றுக்கு 400 என்றும் இரண்டுக்கு 800 என்றும் கொண்டோம். கை நொடிப்பதைக் காட்டிலும் இது சற்றே மந்தம். ஒரு சீர் முடிந்தால் கட்டைவிரல் மடங்கும்.

முதலில் 'நடு' என்று இட்டோம். விரல் இருமுறை ஒரே அளவில் மடங்கி நிமிர்ந்தது. பின்னர் 'நாடு'. நெடிலுக்கு விரல் மடங்கித் தங்கிற்று, தங்கி நிமிர்ந்தது, ஈற்று உகரத்துக்குச் சடக்கென்று ஒரு துள்ளல், அவ்வளவே. மாணவர் எதுவும் எழுதவில்லை. மீண்டும் இடச்சொன்னார். பதினொரு முறையோ பன்னிருமுறையோ இட்டோம். பிறகு எழுந்து தம் உள்ளங்கையை அந்த நெகிழி விரலின் கீழ்க் கொண்டுவைத்து, கண்களை மூடிக்கொண்டார். சர்வோ ஓர் இடத்தில் விசையோடு நிற்கும்போது மெல்ல முனகும். நொடிக்கு 50 முறை வரும் துடிப்பின் அதிர்வு அது. எமக்கு அது செவியில் விழும் இரைச்சல். அவர் அதனைத் தோலால் வாங்கினார். நெடில் தங்கும் நேரமெல்லாம் அதிர்வும் தங்கியது. கண்களைத் திறந்து, "தறி ஓடும்போது தரை இப்படித்தான் பேசும்" என்று எழுதினார். தறி எப்போது நிற்கப்போகிறது என்பதைச் சிறுவயதிலேயே காலால் அறிந்துகொள்வாராம். வீட்டில் மற்றவர் காதால் அறியும் முன்னரே.

அதன்பின் அவர் கேட்ட கேள்விகள் வேறுவகையின. குற்றியலுகரம் விளங்கிவிட்டது, எனவே அது அவருக்குச் சலித்துவிட்டது. 'வரும் வண்டி' என்னும் தொடரை இட்டு, மகரக்குறுக்கம் எங்கே என்றார். வகரத்தின் முன் நின்ற மகர ஒற்றுக்குக் கால் மாத்திரை. எம் கணக்கில் அது 100 மில்லிநொடி. அந்நேரத்தில் விரல் மடங்கத் தொடங்கும்; நிமிர நேரமிராது. இட்டுப் பார்த்தோம், விரல் நடுங்கியது, அவ்வளவே. மாத்திரையின் அளவைப் பெருக்கலாம் என்றார் மின்னணுவியல் மாணவர் ஒருவர். அவ்வாறு பெருக்கினால் மற்றெல்லா எழுத்தும் பேச்சின் நடையைவிட்டு மிக விலகிப்போகும் என்று யாம் இசையவில்லை.

மாணவரே வழி கூறினார். விளக்குகளை ஆளப் பிறந்த சில்லுதானே இது; பலகையில் ஐந்து வாயில் போகப் பதினொன்று காலியாக இருக்கிறதே என்று எழுதிக் காட்டினார். ஆறாம் வாயிலில் ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கைச் செருகினர். 100 மில்லிநொடி எரிந்து அணையுமாறு நிரலில் ஒரு வரி சேர்த்தனர். இப்போது 'வரும் வண்டி' என்று இட்டால் முதல் இரண்டு எழுத்துக்கு விரல் மடங்கும். மகரத்துக்கு விரல் அசையாது, விளக்கு ஒருமுறை இமைக்கும். பின்னர் விரல் தொடரும்.